வியாழமாற்றம்

பீல் நகரத்துக்கு இரண்டு பெயர்.
ரயில் நிலையப் பலகையில் ஒன்று ஜெர்மன், ஒன்று பிரெஞ்சு,
நடுவில் ஒரு சாய்கோடு.
அந்தச் சாய்கோட்டில்தான் குடியிருக்கிறேன் என்பேன்.
நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.

பகலில் பல் ஆஸ்பத்திரியில்
குறடுகளை ஆவியில் வேகவைக்கும் வேலை.
இரவில் போஸ்டர்.
பழைய கடிகாரத் தொழிற்சாலையின் நிலவறையில்
ஒரு மேசை, இரண்டு திரைச்சட்டம்,
மையை இழுக்கிற ரப்பர்க் கட்டை.
இழுக்கும்போது ஈரத்துணி கிழிகிற சத்தம் வரும்.
கச்சேரி எனக்கு அங்கேயே தொடங்கிவிடும்.

நவம்பரில் ஈரக்குடைக் குழுவினர் கேட்டார்கள்.
(பெயரைத் தமிழாக்கியது நான்தான்.
யானிக்குக்குப் பிடித்துப்போய்
ட்ரம் தோலில் தானே எழுதிக்கொண்டான்,
ஒரு கால் கூடிப்போய்
'ஈராக்குடை' ஆகிவிட்டது.
நான் திருத்தவில்லை.)

படம் சுலபமாக வந்தது.
மூடுபனி ஏரியில் ஒரு படகு,
புகைபோக்கி நிற்கவேண்டிய இடத்தில்
ரெகுலாவின் டியூபா, வாய் பிளந்து.
எழுத்து, ஆரஞ்சில் ஜெர்மன், நீலத்தில் பிரெஞ்சு.
தேதி எண்ணைப் போட்டுப் பார்த்தேன்,
படகு மூழ்குவதுபோல் இருந்தது.
எடுத்துவிட்டேன். கிழமை போதும்.

ஆரஞ்சை அடித்துக் கொடியில் காயப்போட்ட இரவு
ரெகுலாவின் குறுஞ்செய்தி:
வியாழன் இல்லை, வெள்ளி.
நீலச் சட்டத்தில் மாற்றினேன்.
முதுகுக்குப் பின்னால்
ஆரஞ்சு வியாழன்கள் எண்பது
நிதானமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

நிரோஜனின் சைக்கிளில் ஏறி
ரொட்டிக்கடை, சலவைக்கடை,
கருவாடு விற்கும் நம் கடையின் கண்ணாடி,
பாலத்தடித் தூண் எல்லாம் ஒட்டினோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஜெர்மன் படிப்பவர் நீலத்தைப் படிப்பதில்லை,
பிரெஞ்சு படிப்பவர் ஆரஞ்சைப் படிப்பதில்லை,
இரண்டும் படிக்கிற நான்
படகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் இரவு எட்டு மணி.
ஒலிபெருக்கி இறக்க வந்த ரெகுலா தனியாக.
வாசலில் நனைந்த கோட்டுகளோடு
பத்தொன்பது பேர்.
போனில் அவள் கத்தவில்லை.
"கடிகாரம் செய்கிற ஊரில்
கிழமையைத் தொலைத்துவிட்டாயே" என்றாள்.
"அக்கா, வியாழமாற்றம் எண்டு ஊரில சொல்லுவினம்,
இதுதான் அது" என்றான் நிரோஜன்.
அறைந்திருப்பேன். சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுச் செருப்போடு ஓடிப்போனபோது
பியர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து
அவள் ஊதத் தொடங்கியிருந்தாள்.
ட்ரம் இல்லை, அக்கார்டியன் இல்லை, பாட்டு இல்லை.
எனக்குத் தெரிந்த பாட்டுகள்தாம்,
சதை போய் எலும்பாக.
மூன்றாவதில் வழி தவறி நின்றாள்.
கொத்துச் சாவியால் ஒரு தபால்காரி
சுவரோர ரேடியேட்டரில் தட்டினாள்,
டிங், டிங், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங்.
ரெகுலா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.
நாற்பது நிமிடம்.
டிக்கெட் காசை கொரின் திருப்பிக் கொடுக்கப்போக
யாரும் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நூற்றுமுப்பது பேர்.
கூரை அதிர்ந்தது, நன்றாகவே இருந்தது.
வியாழனில் வந்தவர்களில் ஏழு பேர்
மூலையில், சூடான ரேடியேட்டருக்குப் பக்கத்தில்.
மூன்றாவது பாட்டு வந்தது,
அந்த இடம் வந்தது,
யானிக் கைகளைத் தூக்கினான், அடிக்கவில்லை.

டிங், டிங்,
டிங்.

பிரெஞ்சு பேசுகிறவர்கள் எல்லாரும்
திரும்பிப் பார்த்தார்கள்.

டிசம்பர் போஸ்டரில்
எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டேன்,
இரண்டு நிறத்திலும், கொட்டை எழுத்தில்.
அசிங்கமாக இருக்கிறது.
தூணில் ஒட்டிக்கொண்டிருந்தபோது
மஞ்சள் வண்டியை நிறுத்தி தபால்காரி படித்தாள்,
மேலிருந்து கீழ், ஆரஞ்சு, பிறகு நீலம்.

"முதல் நாள் ஒன்றும் இல்லையா?"