தலைப்பெழுத்து

அப்பாவுக்குக் கல் வைக்க வேண்டும்.
ஆறு மாதமாயிற்று, மண்ணும் அமுங்கிவிட்டது.
எழுத்துக்குப் பதினெட்டு ரெயால் என்கிறான்
கல்வெட்டும் ஒசோரியோ.
பெயரைச் சரியாக எழுதிக்கொண்டு வா,
வெட்டின பிறகு என்னிடம் அழாதே.

சரியாக.

பிறந்த சான்றிதழில் அப்பா 'வி': வ்ருப்ளெஸ்கி.
கல்யாணப் பதிவில் 'பி': ப்ருப்ளெஸ்கி.
எழுதினவளுக்கு அன்றைக்கு ஜலதோஷம் என்பார்,
கேட்கும் ஒவ்வொருவரிடமும்,
அவரே முதல் ஆளாய்ச் சிரித்துக்கொண்டு.
சித்தப்பா காசிமீரோவுக்கு 'வி'தான், ஆனால் நடுவில் ஓர் எழுத்து உபரி.
அத்தை லெயோகாடியா 'டபிள்யூ' கேட்டுப் போய்
'அந்த எழுத்து நம் வரிசையிலேயே இல்லையே அம்மா'
என்று குருஸ் மஷாதோ பதிவாளர் சொல்ல,
முறைத்துவிட்டுத் திரும்பியவள்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மூவர்
தொலைபேசிப் புத்தகத்தில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

தம்பி எட்முண்டோவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.
குரிச்சிபாவில் தூதரகக்காரர்கள் சொன்னார்கள்:
எல்லாத் தாளும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும்.
நான் லாரி உதிரிபாகக் கடையில் இருக்கிறேன்.
நாலாவது இலக்கம் தப்பினால் பெட்டியோடு திரும்பி வரும்.
அந்தப் புத்தியில்தான் தேடப் போனேன்.

கப்பல் பட்டியலில் கிடைத்தான் எங்கள் கொள்ளுத்தாத்தன்:
வாலென்ட்டி வ்ரூப்லெவ்ஸ்கி, இருபத்திரண்டு, உழவன்.
தொடக்கத்தில் டபிள்யூ, இரண்டு முக்காலியைக் கவிழ்த்த மாதிரி.
வ்ரூபெல் என்றால் சிட்டுக்குருவி என்றது அகராதி.
எட்முண்டோ அன்றைக்கே தோளில் பச்சை குத்திக்கொண்டான்,
வால் மட்டும் கொஞ்சம் புறாவுடையது.

ப்வோட்ஸ்க் ஆவணக்காப்பகத்திலிருந்து மார்ச்சில் பதில்.
ருஷ்ய எழுத்தில் இரண்டு பக்கங்களின் படம்,
கீழே சுருக்கமாக நாலு வரி:
தாங்கள் கேட்ட வாலென்ட்டி
அந்தத் தேதியில், அந்தத் தாய்தகப்பனுக்கு,
இந்தப் பங்கில்தான் பிறந்திருக்கிறார்.
இரண்டாம் பக்கத்தில் இறந்திருக்கிறார்.
வயது எட்டு மாதம்.
அந்தப் பெயரில் வேறெவரும் இல்லை.

கடையை அன்றைக்குச் சீக்கிரம் பூட்டினேன்.

இருபத்தோரு வயதானால் ஜாரின் பட்டாளம் பிடித்துப் போகும்.
எவனோ ஒருவன்
செத்த பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டைத் திருடியிருக்கலாம்.
ஒரு மூட்டை கம்பு கொடுத்து வாங்கியிருக்கலாம்.
அந்தத் தாயே பெட்டியடியிலிருந்து எடுத்து
போ, இவனாவது போகட்டும் என்றிருக்கலாம்.
எங்கள் வம்சமே இப்போது
ஒரு 'லாம்' விகுதியின் மேல் நிற்கிறது.

அவனுடைய சொந்தப் பெயர்?
கப்பலில் எவராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டு
அவன் திரும்பாமல் நின்றிருப்பான்.
மூன்று வாரம் அதையே பழகியிருப்பான்,
திரும்பாமல் இருப்பதை.

'முதல் பக்கத்தை மட்டும் அனுப்பு' என்கிறான் எட்முண்டோ.
'ரெண்டாவதை யார் கேட்டது?'
இரண்டும் இழுப்பறையில்,
ஆயில் ஃபில்டர் ரசீதுகளுக்கு அடியில் கிடக்கின்றன.
பச்சை குத்தினது ஆறிவிட்டது அவனுக்கு, லேசாக உரிகிறது.

ஞாயிறு கொட்டகையைக் கூட்டும்போது அகப்பட்டது
அப்பாவின் தகர அச்சு.
மாத்தே இலை மூட்டைகளில் தாரால் அடையாளம் போட
பிஸ்கட் டின்னில் அவரே வெட்டியது.
ஒரே எழுத்து. பி.
கீழ்வயிறு பெருத்து, சாப்பிட்டு உட்கார்ந்த மாதிரி.

அதையே ஒசோரியோவிடம் நீட்டினேன்.
ஜலதோஷக்காரி எழுத்தா என்றான், அவனுக்கும் தெரிந்திருந்தது.
ஒன்பது எழுத்து, நூற்றறுபத்திரண்டு.
பெயருக்குத் தனி.

இன்னொன்று, என்றேன்.
கீழ் மூலையில், சின்னதாக, ஒரு டபிள்யூ.
அது யாருக்கு?
எட்டு மாதக் குழந்தைக்கு.
உளியைத் துடைத்தான், நிமிரவில்லை.
குழந்தைக்குப் பாதிதான் வாங்குவேன், என்றான்.