ஏறுவதற்கு மட்டும் காசு

எங்கள் லிஃப்ட் மேலே போகப் பத்து தெத்ரி கேட்கும்.
இறங்கச் சும்மா.
திபிலிசியின் பழைய கட்டடங்களில் இது வழக்கம்,
யாரும் வியந்ததில்லை,
சோதனைச் சான்றிதழ் உதிர்ந்த இடத்தில்
பசைத் தழும்பின் மேல்
எரிவாயு ரசீது ஒன்றைத் திருப்பி ஒட்டி
யாரோ பென்சிலால் கேட்கும்வரை:
ஏறக் காசு, இறங்க ஏன் இல்லை?

மறுநாள் பென்சிலையே நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
ஐந்தாம் மாடி குராம் எழுதினார்:
விழுவது எப்போதும் இலவசம்.
இரண்டாம் மாடி லமாரா, லிஃப்டை ஒருநாளும் நம்பாதவள்,
இதற்கென்றே உள்ளே வந்து எழுதினாள்:
இறங்கிப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று
கடனுக்கு விடுகிறது.
அதற்கும் கீழே ஒரு கிறுக்கல்:
பெட்டி மாட்டியவன் சோம்பேறி. அவ்வளவுதான்.

பிறகு நிற்கவில்லை.
வெங்காயம் நறுக்கும்போது வாயில் தண்ணீர் வைத்திருந்தால்
கண் எரியாதாமே?
எரியும். திட்ட முடியாமல் எரியும்.
புறாவுக்கு என் முகம் தெரியுமா?
ரொட்டி வைத்திருக்கும் கை தெரியும்.
சுர்ச்ஹேலா தின்னும்போது
அக்ரூட் கோத்த நூலையும் விழுங்கிவிட்டேன், ஆபத்தா?
இல்லை. எவ்வளவு நீளம்?
(இதைக் கேட்டது வேறு ஆள், வேறு மாடி,
மூன்று நாள் கழித்து.)
கொட்டாவி ஏன் தொற்றுகிறது?
இதற்கு மட்டும் ஒருவரும் எழுதவில்லை.
படித்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தபடி
இறங்க வேண்டிய மாடியைத் தவறவிட்டோம்.

நான் ஒதார். எட்டாம் மாடி.
இரவில் மெட்ரோ சுரங்கத்தில்
தண்டவாளத்தைத் தட்டிக் கேட்டபடி நடக்கிற வேலை.
ஊர் எழும்போது வந்து படுப்பேன்.
காலை ஐந்தரைக்கு லிஃப்டில் நானும் அந்தத் தாளும்.
இரும்பு சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு
என்னை நானே நியமித்துக்கொண்டேன்.
குளிரில் ரயில் ஏன் வேறு குரலில் கத்துகிறது என்பதற்கு
ரசீதின் நான்கு ஓரமும் சுற்றிச் சுற்றி எழுதினேன்.
அடியில் யாரோ:
நன்றி. கேட்டது என் மகன், வயது ஆறு. ஒரு வரி போதும்.

பிப்ரவரியில் ஒரு கேள்வி.
எழுத்து மெலிந்து, வரி சரிந்து.
பக்கத்துக் கதவு திறந்து மூன்று நாள் ஆகிறது.
எத்தனை நாள் பொறுத்துத் தட்டலாம்?
பெயர் இல்லை. மாடி எண் இல்லை.
நான் யோசிக்கவே இல்லை. அழுத்தி எழுதினேன்:
ஒரு நாளே அதிகம். இப்போதே தட்டுங்கள்.
பென்சில் முனை உடைந்தது.
போய்ப் படுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு என் கதவு அதிர்ந்தது.
அடுத்த வீட்டு சியாலா, கையில் குழம்புக் கரண்டி,
பின்னால் படிகள் முழுக்க ஜனம்.
யார் கதவு என்று தெரியாததால்
காலையிலிருந்து எல்லாரும்
எல்லார் கதவையும் தட்டியிருக்கிறார்கள்.
நான்காம் மாடியில் இரண்டு பேர்
பதினாறு வருடத்தில் முதல்முறையாகப்
பெயர் சொல்லிக்கொண்டார்களாம்.
கேட்டவள்தான் கடைசியாகத் துணிந்திருக்கிறாள்.

"உயிரோடு இருக்கிறாயா?"
சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.
"தூங்கிக்கொண்டிருந்தேன்."
"மூன்று நாளாகவா?"
"பகலில். எப்போதும்."
கரண்டியைப் பார்த்தாள்,
அதை வைத்துக் கதவை என்ன செய்வதாக இருந்தாள் என்று
அவளுக்கே விளங்காமல்.
"பொறுக்கலாம் என்றுதான் இருந்தேன்.
எவனோ அவசரக்காரன் இப்போதே தட்டு என்று எழுதியிருந்தான்.
கையெழுத்தும் கோழிக் கிளறல்."
இருக்கும் என்றேன்.

அன்றிரவு வேலைக்கு இறங்கும்போது
தாளில் புதிதாக:
பென்சிலை யார் எடுத்தது?
அதன் கீழே, புருவ மையில்:
நான்தான். சீவித் தருகிறேன்.

வெறும் நூல்
எட்டு மாடியும் ஆடிக்கொண்டே இறங்கியது.