இருபதில் ஏழு

வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
காலண்டருக்கு மட்டும் அனுமதி,
அதுவும் ஏற்கெனவே இருக்கிற ஆணியில்.

அதனால் என் படங்கள்
கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கின்றன,
எக்ஸ்ரே உறைகளில்.
பதினான்குக்குப் பதினேழு உறைக்குள்
ஜெசிந்தாவின் கடல் சரியாக நுழையும்,
கொஞ்சம் மூச்சைப் பிடித்தால்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க:
புரசைவாக்கம் ஸ்கேன் சென்டரில்
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வாய் இது.

மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் பார்த்தேன்.
கெல்லிஸ் பக்கம், மூடிப்போன டியூஷன் சென்டர் மாடியில்
கொடியில் துணி காய்வதுபோல்
கிளிப்பில் தொங்கின பதினெட்டு படங்கள்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்கள்.
வலைக்குள் சுருண்ட நாய்.
பஸ்ஸின் கடைசி சீட்டில்
கூடையோடு தூங்கிப்போன யாரோ.
வந்திருந்தது நான்கு பேர்.
அதில் ஒருவர் கரண்ட் கணக்கெடுக்க வந்தவர்.

பேரம் பேசினேன்,
கீரைக்குப் பேசுகிற அதே வாயால்.
ஆயிரத்து ஐந்நூறு ஆயிரத்து இருநூறானது.
அவள் கட்டை விரலில் பிளாஸ்திரி, உளி வழுக்கியதாம்.
ராத்திரி தூக்கம் வரவில்லை.
முந்நூறை ஜிபேயில் அனுப்பினேன்,
குறிப்பில் ‘பாக்கி’ என்று போட்டு.
பதில் வந்தது:
‘யக்கா, பாக்கின்னா நான்தானே கேக்கணும்?’

பிறகு மாதம் ஐந்நூறு, சீட்டுக் கட்டுகிற மாதிரி,
சம்பளம் வந்த மறுநாள்.
மூன்று மாதத்துக்கு ஒரு படம்.
பையனுக்கு ஷூ வாங்கிய ஜூனில் முடியவில்லை.
இவர் வண்டியோடு விழுந்த ஐப்பசியிலும்.
அவள் கேட்கவில்லை, நான் காரணம் சொல்லவில்லை.

‘இத வித்தா எவ்ளோ வரும்?’ என்பார் இவர்.
தெரியாது.
‘அந்தப் பொண்ணு பெரிய ஆளா வருமா?’
தெரியாது, சாம்பாரை ஊத்திக்குங்க.

அச்செடுக்கும்போது ஒருமுறை கூட இருந்தேன்.
லினோலியத் துண்டில்
படகின் பெயரைத் தலைகீழாய்த் திருப்பிச் செதுக்கியிருந்தாள்.
எனக்குச் சிரிப்பு.
எனக்கும் அதுதானே பிழைப்பு,
இடம் எது வலம் எது என்று
படத்தின் ஓரத்தில் ஈய எழுத்து வைப்பது.
நான் தப்பினால் நல்ல முழங்காலைக் கிழித்துவிடுவார்கள்.
அவள் தப்பினால்
மெட்ராஸின் கடல் மேற்கே போய்விடும்.

டிசம்பரில் அவள் அறைக்குள் தண்ணீர்,
எண்ணெய்ப் படலத்தோடு, இடுப்பு வரை.
பலகையில் ஒட்டியிருந்த லினோ எல்லாம்
அப்பளம்போல் உப்பி மடிந்துவிட்டதாம்.
நாங்கள் இரண்டாவது மாடி.
படிக்கட்டில் நான்காம் படி வரை வந்துவிட்டுப்
போய்விட்டது.

தையில் போன்.
‘யக்கா, ஐஸ் படம்,
இருபதில் ஏழு, உங்ககிட்ட இருக்குல்ல?’
இருபது என்று பென்சிலால் எழுதினாளே தவிர
ஒன்பதுதான் விற்றதாம்.
வாங்கிய மற்ற எட்டுப் பேரின் நம்பர்
அவளிடம் இல்லை.
எழும்பூரில் ஒரு கண்காட்சி, இரவலாய் வேண்டும்.
‘கீழ உங்க பேரப் போடலாமா?’
வேண்டாம் என்றேன்.
ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்துதான் இருக்கும்,
பழகிவிட்டது.
பத்து நிமிஷம் கழித்து நானே கூப்பிட்டு
‘போடு’ என்றேன்.
இனிஷியல் மு.

ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
ஞாயிற்றுக்கிழமை இவரும் வந்தார்,
சட்டையை இஸ்திரி போட்டு.
மூன்று வருஷமாய்க் குனிந்தே பார்த்த படத்தை
அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.
ஐஸ் உடைப்பவர்களில் ஒருவன் இடது கைக்காரன்.
எப்படிக் கவனிக்காமல் போனேன்?

இவர் பெயரைப் படிக்கவில்லை.
படத்தைக்கூட அதிக நேரம் பார்க்கவில்லை.
கன்னத்தைச் சுவரோடு ஒட்டி
சட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து
காதோடு சொன்னார்:
‘ரெண்டே ஆணிதான் வெண்மதி.
அவர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்.’