பொருள் எண் 14

கலீனாவில்
மித்தி ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் கொட்டகை.
உள்ளே, தாவாவுக்கு உட்பட்ட சொத்து, பொருள் எண் பதினான்கு:
டெலாஹே, முப்பத்தெட்டாம் ஆண்டு, மடக்குக் கூரை.
ஜூலைதோறும் நான் போய்ப் பார்த்து
எழுத வேண்டியது ஒரே வரி:
உள்ளது உள்ளபடி. முத்திரை பழுதில்லை.

உயர் நீதிமன்ற ரிசீவர் அலுவலகத்தில்
இதற்குப் பெயர் வேலை.

அந்தக் கதவில் நேர்கோடே கிடையாது.
பாரிஸில் எவனோ ஒருவன்
மரச்சட்டத்தின் மேல் தகட்டைத் தட்டித் தட்டி
ஈரத்துணிபோல் படியவிட்டிருக்கிறான்.
அவன் பெயர்ப்பலகை இருந்த இடத்தில்
இரண்டு திருகுத் துளைகள்.
நான்கு சக்கரத்துக்கும் முக்காடு,
ஆகவே லேசில் திரும்பாது.
சேட் ஓட்டிய நாளிலேயே
மரீன் டிரைவ் வளைவு ஒன்றுதான் இதற்குத் தோதாம்.
ஸ்டீயரிங் வலப்பக்கம்.
"பாபுஜி இந்தியாவுக்கென்றே சொல்லிச் செய்தது"
என்று ஹன்சாபென் பிரமாணத்தில் சத்தியம் செய்கிறார்.
பிரான்சிலும் அன்று பெரிய வண்டிகளுக்கு வலப்பக்கம்தான்.
கேட்டால் சொல்வேன்.
யாரும் கேட்கவில்லை.

அண்ணன் தங்கை வழக்கு
என்னைவிட இரண்டு வயது மூத்தது.

இரண்டாயிரத்து ஐந்து, ஜூலை இருபத்தாறு, செவ்வாய்.
ஆய்வுக்குப் போயிருந்தேன்.
இரண்டு மணிக்கு மழை.
நான்குக்கு ஆறு வந்து கதவைத் தட்டியது.
ஐந்துக்கு இடுப்பளவு.
காவலாளி ராம்பிரவேஷ் ஊரில்.
அவன் மனைவி சுனைனா
ஒன்றரை வயதுப் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு
என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.
நான்கு மரக்கட்டைமேல் நின்ற அதுதான்
அங்கே உயரம்.

அரக்கு முத்திரையை உடைத்தேன்,
அதைப் பதித்த பித்தளை அச்சாலேயே.

இருக்கையின் முதுகில் ஏறி மூவரும் உட்கார்ந்தோம்.
இருக்கையில் தண்ணீர் வந்து உட்கார்ந்தது.
ஊறிய சிவப்புத் தோல், டீசல், சாக்கடை.
இருட்டில் எருமைகள் கத்திக்கொண்டே மிதந்து போயின,
பிறகு கத்தாமல்.
குழந்தை வீறிட்டது.
ஸ்டீயரிங்குக்கு அடியில்
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கியர்க்குச்சி;
குனிந்து பிடித்துக் காட்டினேன்.
ஒன்று. க்ளிக். இரண்டு. மூன்று.
நான்காவதில் வைத்துவிட்டு
அப்படியே தூங்கிப்போனாள்.
விடியும்வரை நாங்கள்
நான்காம் கியரில் இருந்தோம்.

சுனைனா ஒரே முறை வாய் திறந்தாள்:
"இது யாருடையது, சாகேப்?"
"அது தெரிந்துவிட்டால் எனக்கு வேலை போய்விடும்."
சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சேற்றை வழித்து, அரக்கை உருக்கி,
புது முத்திரை வைத்து எழுதினேன்:
வெள்ளம் புகுந்தது. முத்திரை பழுதில்லை.
முதல் வாக்கியம் உண்மை.

இந்த ஆண்டு சமரசம் என்றார்கள்.
விலை சொல்லப் புனேயிலிருந்து
நாட்கர்ணி என்றொரு நிபுணர், கையில் வெள்ளை உறை.
இருக்கையைத் தூக்கினார்.
துருப்பிடித்த சுருள்கம்பிகளுக்கிடையே
கறுப்புக் கண்ணாடி வளையல், ஒன்று.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னார்:
"முப்பத்தெட்டு, நாற்பது வாக்கில். வீட்டுப் பெண்மணியுடையது."

ஹன்சாபென் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "பாவின் வளையல்."
பிரத்யும்னருக்கு எண்பத்திரண்டு வயது. கைத்தடியைத் தரையில் ஊன்றினார்:
"பா தங்கம் தவிர எதுவும் போட்டதில்லை."
கொட்டகையில் சற்று நேரம் சத்தமில்லை.
பிறகு தங்கை, மெதுவாக:
"அப்படியென்றால் பாபுஜியின் காரில்
அது யாருடையது?"

சமரசம் ஒத்திவைப்பு.

சுனைனா அந்த வருஷமே தர்பங்கா போய்விட்டாள்.
அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபதுக்கு மேல் இருக்கும்.

பொருள் எண் பதினான்கு-அ என்று பதிந்தேன்.
கறுப்பு. கண்ணாடி. விரிசல் இல்லை.
குறுக்களவு நான்கு சென்டிமீட்டர்.
இரு தரப்பு வக்கீலும் படித்துக் கையெழுத்திட்டார்கள்,
அந்த நான்கையும் சேர்த்துத்தான்.

மெழுகுவத்தியைப் பற்றவைத்தேன்.
அரக்கு சொட்டச் சற்று நேரமாகும்.