தட்டு

பதினோரு வருடம் கதவு தட்டிப் பிழைத்தவள் நான்.
முஷ்டியின் ஓரத்தால், மூன்று முறை,
மூச்சு விடாமல்.
உள்ளே தொலைக்காட்சி சட்டென அணையும்.
குழந்தையின் வாயை யாரோ பொத்துவது
கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.
கடன் தவறியவர்களின் சாமான்களுக்கு
விலை எழுதுவது என் வேலை.
வூட்ஜ் நகரத்துச் செங்கல் குடியிருப்புகளில்
எந்த மாடியில் எந்தப் படி பெயர்ந்திருக்கிறது என்று
இன்றும் என் முழங்காலுக்குத் தெரியும்.

நாற்பத்து மூன்றில் வேலையை விட்டேன்.
ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம்
முழங்காலைக் காட்டினேன்.

சமூகப்பணி, முதலாண்டு.
இருவர் இருவராக உட்கார வைத்தார்கள்.
ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும்,
நான்கு நிமிடம்.
குறுக்கே பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது,
எனக்கும் இப்படித்தான் ஆச்சு என்று
சொல்லவே கூடாது.
காஸ்பெர் தன் செத்துப்போன முயலைப் பற்றிச் சொன்னான்.
பத்தொன்பது வயது, காதில் வளையம்.
இரண்டாம் நிமிடத்தில் என் வாய் கேட்டது:
முயல் என்ன விலை?

வகுப்பே சிரித்தது. அவனும்.
அன்றைக்கு டிராமில்
உட்கார இடமிருந்தும்
நின்றுகொண்டே வீடு வந்தேன்.

பிறகு குறிப்பெழுதும் பயிற்சி.
ஒரு வீட்டின் படத்தைப் பார்த்து
'அசுத்தமான சமையலறை' என்று எழுதினேன்.
நோட்டை மாற்றிக்கொண்ட லிலியானா
ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தாள்:
அசுத்தம் உன் கண்ணில் இருக்கிறது, யாகோதா.
சமையலறையில் என்ன இருந்தது?
அடித்துவிட்டு எழுதினேன்:
தொட்டியில் ஏழு தட்டு. ஒன்றில் விரிசல்.
குழாய்க்கு அடியில் வாளி.
எழுதி முடித்ததும் எனக்கே
அந்த வீட்டில் யாருக்கோ பசிக்கிறாற்போல் இருந்தது.

பிப்ரவரியில் களப்பயிற்சி. மூன்றாம் மாடி.
பழக்கம் விடுமா,
கை தானாக மூன்று முறை இடித்தது.
கதவைத் திறந்த பெண் என்னைப் பார்த்தாள்.
முகத்தைக்கூட இல்லை, கையை.
"அக்கார்டியன்," என்றாள்.

நினைவு வந்தது.
அக்கார்டியன், பச்சை, பழையது, எண்ணிக்கை ஒன்று.
நானூறு ஸ்வோட்டி.
ஒரு பொத்தான் ஒட்டிக்கொள்ளும் என்பதால்
முந்நூற்றைம்பதாக்கியிருந்தேன்.

"ஒலெக்குக்கு அப்போது ஒன்பது வயது," என்றாள்.
என் கடமையைத்தான் செய்தேன் என்பது
நாக்கு நுனிவரை வந்தது.
மன்னித்துவிடுங்கள் என்பதும் வந்தது.
இரண்டுமே என்னைப் பற்றியவை.
விழுங்கினேன்.

நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று
முயலின் முன்னால் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.
அது அவளுடையது.
மாடிப்படியில் யாரோ
நிலக்கரி வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன்,
அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு," என்றேன் கடைசியில்.
"எத்தனை பக்கம் உன் படிவம்?"
"பதினான்கு."
"வேறு ஆள் வந்தால்
இன்னும் மூன்று வாரம்."
நகர்ந்து வழிவிட்டாள்.
"உள்ளே வா. ஆனால்
எதையும் பார்க்காதே."

பதினான்கு பக்கமும் அவள் முகத்தைப் பார்த்தே எழுதினேன்.
குளிர்பெட்டி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால்
சத்தியமாகத் தெரியாது.
வரி கோணலாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது.
அலுவலகத்தில் என் பழைய கணக்கையும் சொல்லிவிட்டேன்.
பேனாவை மேசையில் உருட்டியபடி
கேட்டுக்கொண்டார்கள்.

நான் அங்கே தட்டிக் கேட்கப் போகிறவள் அல்ல.
தட்டிவிட்டு,
கேட்கப் போகிறவள்.
இப்படி எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

அடுத்த செவ்வாய்
அதே கதவின் முன் கையைத் தூக்கிக்கொண்டு
முட்டாள்போல் நின்றேன்.
எந்த விரல்? எத்தனை முறை?
நடுவிரல் கணுவால் ஒரே ஒரு தட்டு.

தொலைக்காட்சி அணையவில்லை.
ஒலி கொஞ்சம் கூடியது.

காத்திருந்தேன்.