பூண்டித் தடி

இடது இடுப்பில் தேய்மானம் என்றார் டாக்டர்.
எனக்கு அந்தச் சொல் புதிதில்லை.
இருபத்தாறு வருசமாய் ஆவாரம்பாளையத்தில்
அதை வைத்துத்தான் சோறு:
தேய்ந்த ஷாஃப்ட், தேய்ந்த புஷ்,
ஆட்டம் கண்ட பேரிங்.
மோட்டாரைத் தூக்கிக்கொண்டு முகம் வாடி வருகிறவரிடம்
"இதுக்கெதுக்குங்க வெசனம்,
ஒரு நூலு கடைஞ்சு சிலீவ் போட்டா ஓடுமுங்க" என்பேன்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
"நாப்பத்தொம்பதுதானே, இப்பவே மாத்த வேண்டாம்.
ஒரு தடி வெச்சுக்கங்க."

வைத்துக்கொள்ளவில்லை.

லேத்தைப் பிடித்தேன். சுவரைப் பிடித்தேன்.
டீக்கடைக்குப் போகும் வழியில்
நிறுத்தியிருந்த வண்டிகளின் சீட்டை
ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டு போனேன்,
விலை கேட்க வந்தவனாட்ட.
அன்னூர்க் கல்யாணத்தில் ஒரம்பரை முழுக்க
"ஏனுங், கால்ல என்னாச்சுங்?"
செருப்புக் கடி என்றேன்.
பொய்யைக் காப்பாற்ற
புதுச் செருப்பு வேறு வாங்க வேண்டியதாயிற்று.

வசந்தாமணிக்கும் முட்டி மடங்காமல் மூணு வருசம்.
ஒரு நாள் காலையில் அரிவாள்மணையைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு
நின்றபடி மேடையில் கத்தியால் வெங்காயம் அரிந்தாள்.
அதை யாருக்கும் அறிவிக்கவில்லை,
யாரிடமும் மறைக்கவும் இல்லை.
நான் கவனித்ததே
சாம்பாரில் துண்டுகள் பெரிசாய்க் கிடந்தபோதுதான்.

மாசி பிறந்ததும் சின்னராசு கூப்பிட்டான்.
"பங்காளி, வெள்ளியங்கிரி எப்ப?"
பாக்கலாம் என்று வைத்துவிட்டேன்.

பொழுதோட வீட்டுக்கு வந்தால்
எதிர்வீட்டுப் பையனைப் பரணில் ஏற்றி
மூங்கில் தடிகளை இறக்கிக்கொண்டிருக்கிறாள்.
பதினோரு வருசத்துக்கு ஒன்பது.
இரண்டை மலையிலேயே யாருக்கோ கொடுத்திருந்தேன்.

"பூண்டியில எறங்குனதும் மொதல்ல என்ன வாங்குவீங்க?"
"தடி."
"இருவது வயசுப் பசங்க?"
"அவனுகளுந்தான்."
"வெக்கப்படுவாங்களா?"

வழுக்குப்பாறை இருட்டில்
முகமில்லாத ஒரு கை நீண்டது ஒரு வருசம்.
யார் என்ன என்று கேட்காமல் பிடித்துக்கொண்டேன்.
நாலாம் மலையில்
மீசை வைத்த ஆள் ஒருவர் உட்கார்ந்து அழுதார்.
"சாமி, சித்தெ இருந்து போலாமுங்க" என்று
பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள்.
இறங்கும்போது அங்கே எல்லாருக்கும்
நடுங்குகிற கால்தான்.

பிளவுஸ் தைக்கிற டேப்பைக் கொண்டுவந்தாள்.
"கையத் தொங்கப் போட்டு நில்லுங்க.
மணிக்கட்டு வரைக்கும் ஒசரம் வேணுமாம்."
நின்றேன்.
"போட்டோவுக்கு நிக்கறாப்பல வேண்டாம்.
நெசமா எப்படி நிக்கறீங்களோ அப்படி."

கொஞ்ச நேரம் பிடித்தது.
இடது தோள் இறங்கியது.
இடுப்பு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது.
டேப்பின் நுனியைத் தரையில் வைக்க
அவள் குனிந்தாள், பாதி வழியில் நின்றாள்.
மிச்சத்தைக் கால்விரலால் அமுக்கினாள்.
அந்த இஞ்சில் அரை இஞ்சு
இருவருடைய தேய்மானமும் சேர்ந்த பிழை.
பரவாயில்லை என்று விட்டேன்,
ஒரு நூலுக்கு மேல் விடாதவன்.

மறுநாள் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கி
தடியை அறுத்தேன்.
அடியில் பித்தளைப் பூண் கடைந்து போட்டு
பம்பு ரப்பரில் ஒரு புஷ் ஏற்றினேன்.
வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்கணுமாம்,
பிசியோதெரபிப் பெண் சொன்னாள்.
அப்படியானால் இடது கை சும்மா.
கோயிலுக்குப் போகையில்
வசந்தாமணி அந்தப் பக்கமாய் வந்தாள்.
யார் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று
பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.
எங்களுக்கும் சரியாய்த் தெரியாது.

சின்னராசுவிடம் சொல்லிவிட்டேன்:
பூண்டி வரைக்கும் வர்றேன்.
எட்டுத் தடி இருக்கு, எடுத்துக்கங்க.
நீங்க எறங்கற வரைக்கும் கீழ உக்காந்திருப்பேன்.
அவன் கொஞ்சம் பேசாமல் இருந்து
"போர்வை எடுத்துட்டு வா, குளுரும்" என்றான்.

இன்று காலை
வண்டிகளைத் தொடாமல் நடந்தேன்.
டக், டக்.
டீக்கடைக்காரர் தடியைப் பார்த்தார்.
"ஏனுங், மலைக்குக் கெளம்பீட்டீங்களா?"

ஆமாங்க என்று நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லீங்க. இடுப்புங்க.
ஒரு டீ போடுங்க, சக்கரை கம்மியா."