நாலு லோடு ரப்பிஷ்

மீஞ்சூருக்கு இந்தப் பக்கம்
கழிக்காற்று உப்பாக அடிக்கிற தூரத்தில்
எங்களுக்கு அறுநூறு சதுரடி.
தள்ளி எடுத்த சீட்டு, என் பி.எஃப்., அவர் டிரைவர் படி,
கழுத்தில் இருந்தது, பிறகு
காதில் இருந்ததும்.

மேஸ்திரி ஆதிமூலம் நிலத்தைப் பார்க்கவில்லை.
நேராக ஈ.பி. கம்பத்துக்குப் போய்
அதிலிருந்த கறுப்புக் கோட்டைத் தொட்டார்.
புயலன்று கழி ஏறி வந்து
எண்ணெயால் போட்டுவிட்டுப் போன கோடு,
என் இடுப்புக்கு மேலே ஒரு சாண்.
"வூடு இதுக்கு மேலதாம்மா ஆரம்பம்.
கீய இருக்கறது தண்ணியோட பங்கு."

அன்று ராத்திரி
சின்னவனின் கணக்கு நோட்டில்
வீட்டை அழித்து அழித்துக் குறைத்தோம்.
படுக்கையறை ஹாலுக்குள் வந்துவிட்டது.
சமையலறைக்குச் சுவர் போய் ஒரு மேடை மிஞ்சியது.
பன்னிரண்டுக்கு இருபது.
பாத்ரூம் மேல் பென்சில் வந்தபோது
அவர் கையைப் பிடித்தேன்.
எண்ணூர் வாடகை லைனில்
பதினாறு குடும்பத்துக்கு ஒரு கதவு.
வாளியோடு நின்ற வருஷங்களை
இந்த நாலுக்கு நாலில்தான் இறக்கி வைக்க வேண்டும்.

மேடேற்ற மண் விலை விசாரித்தோம்.
மண் நமக்கில்லை என்று ஆனது.
தண்டையார்பேட்டையில் இடித்த
ஹவுசிங் போர்டு பிளாக்கின் ரப்பிஷ்
லோடு ரெண்டாயிரத்து எண்ணூறு, இறக்குகூலி தனி.
கூலியை மிச்சம் பிடிக்க
சித்தாள் வனரோஜாவோடு நானும் சுத்தியல் எடுத்தேன்.

மொசைக் துண்டு. சுவிட்சுப் பெட்டி.
சோப்பு டப்பா ஒட்டிய ஒரு செங்கல்.
மூன்றாவது லோடில்
பிஸ்தா பச்சை அடித்த ஒரு பாளம்,
அதில் பென்சிலில்:
கேஸ் 3/2
கேஸ் 19/3
கேஸ் 2/5
விரல் விட்டு எண்ணினேன்.
நாற்பத்து நாலு நாள். மறுபடியும் நாற்பத்து நாலு.
அளந்து எரித்த கை.
அடுத்த வரி கேஸ் 22/5.
இருபதே நாள்.
பிரசவமோ, கருமாதியோ,
சொல்லாமல் வந்து இறங்கிய உறவோ.
அதற்குக் கீழே சுவர் உடைந்திருந்தது.

"வச்சிக்கினு இன்னா பண்ணுவ, போடு" என்றார் மேஸ்திரி.
போட்டேன்,
அடுப்பு வரப்போகிற மூலையில்,
எழுத்து மேலே பார்க்கும்படி.
தண்ணீர் விட்டுத் திமிசு போட்டார்கள்.
கொஞ்ச நேரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சுவருக்குச் சாம்பல் கல்.
அனல் மின்நிலையத்தின் சிம்னி
கொடியில் காய்ந்த என் துணிகளுக்கும்
பிள்ளைகளின் நெஞ்சுச் சளிக்கும்
இத்தனை காலம் சும்மா கொடுத்தது,
இப்போது கல்லுக்கு ஏழு ரூபாய்.
உடையாத கல்தான், குறை சொல்லக்கூடாது.

லிண்டலில் பணம் நின்றது.
ரெண்டு மாதம் யாருடைய ஆடோ
எங்கள் ஹாலில் குட்டி போட்டு வளர்த்தது.
துறைமுக வரிசையில் டிரெய்லருக்குள் படுத்தபடி
கன்னியப்பன் போனில் கணக்குச் சொல்வார்.
தளம் வேண்டாம், தகரம் போதும்.
தகரமும் இரண்டாம் கை போதும்.
அவர் பேச்சுக்குப் பின்னால் ஹாரன்,
அதற்குப் பின்னால் யாரோ கெட்ட வார்த்தை.

குடிவந்த அன்று கதவு வரவில்லை.
ரெண்டு சேலையை முடிந்து கட்டினோம்.
மழைக்குத் தகரம் போடுகிற சத்தத்தில்
டிவியை ஊமையாகப் பார்க்கிறோம்.
ஆறடி ஆள், பாயைக் குறுக்கே போட்டால்
கால் பாத்ரூம் நிலைப்படியில் இருக்கிறது.
தாண்டித்தான் போகிறேன், பாவம் பார்ப்பதில்லை.

பூசாத சுவரில் பென்சில் தெரிவதில்லை,
சாம்பலில் சாம்பல்.
அதனால் தேதியை மனசில் வைத்திருக்கிறேன்.
இன்றைக்கு நாற்பத்து மூன்றாவது நாள்.
நாளை மறுநாளும் எரிந்தால்
பெயர் தெரியாத ஒருத்தியை
ஒரு நாளில் முந்திவிடுவேன்.

சிலிண்டரை லேசாகத் தூக்கிப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் கனம் இருக்கிறது.